அளவு யார் கையில்? மன்னாரில் ஒரு மேசை மில்லிங் இயந்திரமும் திறந்தமூல மென்பொருளும்

போர் முடிந்த பின்னர் மன்னார் மாவட்டத்துக்கு வாழ்வாதார உதவியாகவும் அன்பளிப்பாகவும் வந்துசேர்ந்த இயந்திரங்களை யாராவது பட்டியலிட்டால், பக்கத்தில் இன்னொரு நிரலும் போட வேண்டியிருக்கும்: அவற்றில் இன்று எது ஓடுகிறது?

செய்தி சேகரிக்கப் போன வீடுகளில் பழைய சேலையால் மூடி மூலையில் வைக்கப்பட்ட தையல் இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். பட்டி அறுந்த நாளோடு நின்றுபோன மா அரைக்கும் இயந்திரங்களையும் பார்த்திருக்கிறேன். பயனாளிகளுக்கு அக்கறையில்லை என்று கூட்டங்களில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால், அந்த வீடுகளில் உட்கார்ந்து கதைத்தால் வேறொரு காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இயந்திரத்தைக் கொடுத்தார்கள், அதைத் திறந்து பார்க்கவோ, திருத்தவோ, நமது தேவைக்கு ஏற்ப மாற்றவோ தேவையான அறிவைக் கொடுக்கவில்லை.

இந்தக் கட்டுரை அப்படி மூலைக்குப் போகவிருந்து போகாமல் தப்பிய ஓர் இயந்திரத்தைப் பற்றியது. மேசையில் வைத்துப் பாவிக்கும் சிறிய மில்லிங் இயந்திரம் அது. தப்பியதற்குக் காரணம், அதை இயக்கும் மென்பொருள் எல்லோருக்கும் திறந்திருப்பது.

100 சொன்னால் 31

பேசாலையில் வலை திருத்தும் கொட்டில் ஒன்றுக்குப் பின்புறம் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவர் நாற்பதுகளில் இருக்கிறார். போர்க்காலத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கடலுக்குப் போவதில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணா என்றே குறிப்பிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் அவருக்கு ‘3018’ வகை இயந்திரத்தை அனுப்பியிருந்தார். நீளம் 300 மில்லிமீற்றர், அகலம் 180 மில்லிமீற்றர் கொண்ட பரப்பில் வேலை செய்யும் இயந்திரம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். மரம், பிளாஸ்டிக், அக்ரிலிக் ஆகியவற்றை வெட்டும். உலோகம் என்றால் மெல்லிய பித்தளையையும் அலுமினியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். இரும்பை வெட்டாது.

அண்ணா அதில் பெயர்ப் பலகைகள், வலை பின்னும் ஊசிகள், வலைக்கண் அளவுக் கட்டைகள் ஆகியவற்றைச் செய்துவந்தார். வலையைக் கையால் பின்னுவோரும் பெரிய கிழிசலைத் திருத்துவோரும் ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவாக வருவதற்காக நூலைச் சுற்றிப் பார்க்கும் தட்டையான கட்டைதான் அளவுக் கட்டை. அதன் அகலத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால், நூறு கண் பின்னும்போது பிழையும் நூறு மடங்காகும். வலை ஒருபக்கமாக இழுபடும்.

ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது கட்டுப்பாட்டு போர்ட் எரிந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய போர்ட்டையும், அதன் மேல் பொருத்தும் மோட்டார் இயக்கிப் பலகையையும் வாங்கினார். ‘கிரபிள்’ என்ற இலவச மென்பொருளை மருமகன் இறக்கி அதில் ஏற்றிக் கொடுத்தார். இயந்திரம் அசைந்தது. ஆனால், 100 மில்லிமீற்றர் போ என்று சொன்னால் 31 மில்லிமீற்றரும் சொச்சமும் போய் நின்றது.

“பழுதாப் போச்சு எண்டு கட்டி வைக்கத்தான் நினைச்சனான் தங்கச்சி. பழுதே இல்லை, அதுக்கு என்ர திருகாணியைத் தெரியாது, அவ்வளவுதான்” என்றார் அண்ணா.

இந்த விடயம் முழுவதும் அந்தக் கடைசி வசனத்துக்குள் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

இயந்திரத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது

இவ்வகை இயந்திரத்தில் மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள் இருக்கும். ஒன்று இடமும் வலமும் நகர்த்தும், அது எக்ஸ் அச்சு. ஒன்று முன்னும் பின்னும், அது வை அச்சு. மற்றது மேலும் கீழும், அது இசட் அச்சு. வெட்டும் கூரைச் சுழற்றுவது ஸ்பிண்டில் எனப்படும் நான்காவது மோட்டார். ஸ்டெப்பர் மோட்டார் சாதாரண மோட்டாரைப்போல் தொடர்ந்து சுற்றாது. ஒரு மின்துடிப்புக் கொடுத்தால் ஒரு படி நகரும். பெரும்பாலானவை ஒரு முழுச் சுற்றுக்கு 200 படி எடுக்கும்.

கணினியிலிருந்து வருவது ‘ஜி-கோட்’ எனப்படும் எளிய கட்டளைகள். இந்த இடத்துக்கு நேராகப் போ, இந்த வேகத்தில் போ, வளைந்து போ என்பது போன்ற ஒற்றை வரிகள் அவை. கிரபிளின் வேலை, அந்த வரிகளை வாசித்து எந்த மோட்டாருக்கு, எந்தக் கணத்தில், எத்தனை துடிப்பு அனுப்ப வேண்டும் என்று கணக்கிடுவது. இதை அது 32 கிலோபைட் நினைவகம் மட்டுமே கொண்ட ஒரு சில்லில் செய்கிறது. உங்கள் வட்ஸ்அப்பில் வரும் ஒரு சாதாரணப் படம் அதைவிடப் பெரியது.

ஆனால், படி என்பது மில்லிமீற்றர் அல்ல. ஒரு படிக்கு மேசை எவ்வளவு நகரும் என்பது உங்கள் இயந்திரத்தில் உள்ள திருகாணியைப் பொறுத்தது. அதை மென்பொருள் ஊகிக்க முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கிரபிள் தன்னிடமுள்ள பொதுவான எண்ணை எடுத்துக்கொள்ளும். அந்த எண் ஒரு மில்லிமீற்றருக்கு 250 படி. அண்ணாவின் இயந்திரத்துக்குத் தேவையானது 800. 250ஐ 800ஆல் வகுத்தால் 0.3125. நூறு கேட்டால் 31.25 வந்ததன் மர்மம் இவ்வளவுதான்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது

எண்களால் இயந்திரத்தை இயக்கும் முறை போரின் பிள்ளை. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜோன் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகொப்டர் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்யும் வழியைத் தேடினார். 1949இல் அமெரிக்க விமானப்படை அதற்குப் பணம் கொடுத்தது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடம் 1952இல் எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டியது. தலைக்கு மேல் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய நமக்கு இந்த வரலாறு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

டேவிட் நோபிள் என்ற வரலாற்றாசிரியர் 1984இல் வெளியிட்ட தனது நூலில் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். அதே காலத்தில் வேறொரு முறையும் இருந்தது. அனுபவமுள்ள தொழிலாளி ஒருவர் கையால் வேலையைச் செய்ய, அவரது அசைவைப் பதிவுசெய்து, இயந்திரம் அதையே திரும்பச் செய்யும் முறை அது. அந்த முறை ஒதுக்கப்பட்டதற்குத் தொழில்நுட்பக் காரணம் மட்டும் இருக்கவில்லை என்கிறார் நோபிள். அது கட்டுப்பாட்டைப் பட்டறைத் தொழிலாளியின் கையில் விட்டுவைத்தது. எண்களால் இயக்கும் முறையோ கட்டுப்பாட்டை அலுவலக மேசைக்கு எடுத்துச் சென்றது.

அந்தக் கட்டுப்பாடு பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் எழுதிய கட்டுப்பாட்டு மென்பொருள் பொதுச்சொத்தாக வெளியிடப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய லினக்ஸ்சிஎன்சி. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்பு மாணவர்கள் மலிவாக வாங்கிப் பழகுவதற்காக ஆர்டுயினோ உருவானது. 2009இல் நோர்வேயைச் சேர்ந்த சீமன் ஸ்வாலே ஸ்கூக்ஸ்ருட் அந்த மலிவான போர்ட்டில் ஓடக்கூடிய கிரபிளை எழுதி, யாரும் பாவிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்துடன் வெளியிட்டார். 2011இலிருந்து சன்கியூன் ஜியோன் அதைப் பொறுப்பேற்று வளர்த்தார். இன்று மலிவான மேசை மில்லிங் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது கிரபிளோ அதன் வழிவந்த ஒன்றோதான்.

அமைக்கும் ஒழுங்கு

கிரபிளை அமைப்பது என்றால் நிரல் எழுதுவது அல்ல. இயந்திரத்தை யூ.எஸ்.பி. வயரால் கணினியுடன் இணைத்து, கட்டளை அனுப்பும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து, இரண்டு டொலர் குறிகளை, அதாவது $$ என்று அனுப்பினால், இயந்திரம் தன்னிடமுள்ள எல்லா அமைப்பு எண்களையும் வரிசையாகக் காட்டும். முப்பதுக்குச் சற்று அதிகமான வரிகள். முதல் வேலை, அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது. போர்ட் எரிந்தால் அந்தப் பக்கம்தான் உங்கள் இயந்திரத்தின் பிறப்புச் சான்றிதழ்.

அடுத்து, ஸ்பிண்டிலில் கூர் இல்லாமல் ஒவ்வொரு அச்சையும் பத்து மில்லிமீற்றர் நகர்த்திப் பாருங்கள். வலப்பக்கம் போகச் சொன்னால் இடப்பக்கம் போகிறதா? வயரைக் கழற்றத் தேவையில்லை, $3 என்ற எண் திசையை மாற்றும். எக்ஸ் அச்சுக்கு 1, வை அச்சுக்கு 2, இசட் அச்சுக்கு 4 என்று கணக்கு. இரண்டு அச்சுகளைத் திருப்ப வேண்டுமென்றால் அந்த எண்களைக் கூட்டிப் போட வேண்டும்.

மூன்றாவது, நாம் மேலே பார்த்த அளவு. $100, $101, $102 ஆகிய மூன்று எண்களும் முறையே எக்ஸ், வை, இசட் அச்சுகளில் ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை படி என்பதைச் சொல்கின்றன. கணக்கு சாதாரண தரக் கணக்கை விடக் கடினமானதல்ல. மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 படி. இயக்கிப் பலகை ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரிக்கும்படி பொருத்தப்பட்டிருந்தால் 3,200 நுண்படி. திருகாணி ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை 4 மில்லிமீற்றர் நகருமென்றால், 3,200ஐ 4ஆல் வகுக்க 800. $100=800 என்று அனுப்பினால் போர்ட் அதை நிரந்தரமாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு கவனம் தேவை. 3018 வகையில் பொதுவாக வரும் திருகாணியில் பக்கத்துப் பக்கத்துப் புரிகளின் இடைவெளி 2 மில்லிமீற்றர்தான். ஆனால், அதில் இரண்டு புரிகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுவதால் ஒரு சுற்றுக்கு நகர்வது 4 மில்லிமீற்றர். ஆகவே, புரியைக் கண்ணால் எண்ணாமல், கையால் திருகாணியைச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றி, மேசை எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பார்ப்பதே நல்லது.

பிறகு சரிபார்க்க வேண்டும். நூறு மில்லிமீற்றர் போகச் சொல்லி, பாடசாலையில் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் பார்த்த அந்த வேணியர் இடுக்கிமானியால் அளக்க வேண்டும். இணையத்தில் பலர் தரும் சூத்திரம் இது: பழைய எண்ணைச் சொன்ன தூரத்தால் பெருக்கி, உண்மையில் போன தூரத்தால் வகுத்துப் புதிய எண்ணைப் போடு. 99.4 மில்லிமீற்றர் போயிருந்தால் 800க்குப் பதிலாக ஏறத்தாழ 804.8.

அண்ணாவின் இயந்திரமும் வை அச்சில் 99.4தான் காட்டியது. ஆனால், அவர் எண்ணை மாற்றவில்லை. “திருகாணி பொய் சொல்லாது. வேற எங்கேயோ வழுக்குது” என்று சொல்லி மோட்டாரையும் திருகாணியையும் இணைக்கும் கப்ளிங்கைப் பார்த்தார். அதன் சிறு திருகு தளர்ந்திருந்தது. இறுக்கிய பின் அளவு நூறுக்கு வந்தது. எண்ணை மாற்றியிருந்தால் அன்றைக்கு அளவு சரியாகியிருக்கும், அடுத்த நாள் கப்ளிங் இன்னும் தளர்ந்து மீண்டும் பிழைத்திருக்கும். எஞ்சின் திருத்தியவரின் பழைய அனுபவம் இங்கே மென்பொருளுக்கு வழிகாட்டியது. கணக்குச் சொல்லும் எண்ணிலிருந்து அளவு கணிசமாக விலகினால் முதலில் இயந்திரத்தைச் சந்தேகியுங்கள்.

நான்காவது, வேகம். $110 முதல் $112 வரை உச்ச வேகம், $120 முதல் $122 வரை வேகம் கூடும் வீதம். ஸ்டெப்பர் மோட்டாருக்குக் கண் இல்லை. படி தவறினால் அதற்கே தெரியாது, கிரபிளுக்கும் தெரியாது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மோட்டார் உறுமி இடறும் இடத்தைக் காதால் கண்டுபிடித்து, அதிலிருந்து கால்பங்கு குறைத்து வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

ஐந்தாவது, $32. லேசர் பொருத்துவோருக்கான அமைப்பு இது. மில்லிங் வேலைக்கு இது பூச்சியமாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் ஸ்பிண்டிலின் வேகம் மாறும்போது அது நிலைபெறும்வரை காத்திராமல் மேசை நகரத் தொடங்கும், கூர் முறியும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். திருகாணிக்கும் அதன் நட்டுக்கும் இடையிலுள்ள தளர்வை ஈடுசெய்யும் வசதி கிரபிளில் இல்லை. திசை மாறும்போதெல்லாம் அந்தத் தளர்வு பிழையாக வரும். அதை நட்டை மாற்றியோ, வில்லுச்சுருள் பொருத்தியோதான் சரிப்படுத்த முடியும்.

மின்வெட்டும் உப்புக்காற்றும்

இணையத்தில் உள்ள வழிகாட்டிகள் பெரும்பாலும் மின்சாரம் போகாத ஊர்களிலிருந்து எழுதப்பட்டவை. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேரம் வரை இருளில் இருந்த நாடு நம்முடையது. இன்றும் காற்றுக்காலத்தில் மன்னாரில் மின்சாரம் எந்த நேரமும் போகலாம். வெட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கிரபிள் அமைப்பு எண்களை மறக்காது. ஆனால், கூர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மறந்துவிடும். பாதி வெட்டிய பலகை வீணாகும்.

இதற்குத் தீர்வு ‘ஹோமிங்’. ஒவ்வொரு அச்சின் முனையிலும் ஒரு சிறு லிமிட் சுவிட்சைப் பொருத்தி, $22 எண்ணை 1 ஆக்கினால், இயந்திரம் கட்டளை பெற்றவுடன் மூலைக்குப் போய்ச் சுவிட்சைத் தொட்டு, தன் பூச்சியப் புள்ளியைத் தானே கண்டுபிடிக்கும். வேலைப் பொருள் அந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது போர்ட்டில் சேமிக்கப்பட்டிருப்பதால், மின்சாரம் வந்த பின் அதே இடத்துக்குத் திரும்பலாம். அதன்பின் விட்ட வரியிலிருந்து அப்படியே தொடங்கக் கூடாது. கூரை மேலே தூக்கி, ஸ்பிண்டிலை இயக்கி, ஆரம்ப அமைப்பு வரிகளைத் திரும்ப அனுப்பி, நின்ற இடத்துக்குச் சற்று முன்பிருந்து தொடர வேண்டும். சில நூறு ரூபாய்ச் சுவிட்சுகள் மூன்று, மின்வெட்டுள்ள ஊரில் ஆடம்பரம் அல்ல.

ஹோமிங் இருந்தால் $130 முதல் $132 வரையான எண்களில் மேசையின் உண்மையான நீள அகலங்களைப் போட்டு, $20 எண்ணை 1 ஆக்கலாம். அதன்பின் எல்லைக்கு வெளியே போகச் சொன்னால் இயந்திரம் மறுத்துவிடும்.

பக்கத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ ஓடினால் லிமிட் சுவிட்ச் வயரில் பொய்த் துடிப்பு வந்து இயந்திரம் காரணமின்றி நிற்கலாம். சுவிட்ச் வயரை மோட்டார் வயருடன் சேர்த்துக் கட்டாமல் தனியாகக் கொண்டுபோவதும், உறையிட்ட வயர் பாவிப்பதும் உதவும். உப்புக்காற்றுக்குத் திருகாணி துருப்பிடிக்கும். அதிகம் எண்ணெய் விட்டால் மணலும் மரத்தூளும் ஒட்டி அரைக்கும். மெல்லிய பூச்சாக எண்ணெய் தடவி, வாரம் ஒருமுறை துணியால் துடைத்து, வேலை முடிந்ததும் மூடிவைப்பதுதான் கடற்கரைப் பட்டறைக்குப் பொருந்தும் வழி.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய இயந்திரம் என்றாலும் முறிந்த கூர் கண்ணைக் குருடாக்கும். கண்ணாடி இல்லாமல் அருகில் இருக்கக் கூடாது. மரத்தூளும் பிளாஸ்டிக் தூளும் நுரையீரலுக்குப் போகாமல் முகக்கவசம் அணிய வேண்டும். மின்சாரத்தை உடனே துண்டிக்கும் பெரிய சிவப்புச் சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு கையால் வேலை செய்பவருக்கு அது எந்தக் கைக்கு எட்டும் என்பதைப் பார்த்தே பொருத்த வேண்டும்.

தமிழில் ஒரு தாள்

இவ்வளவையும் செய்வதற்குத் தடையாக இருப்பது கணக்கு அல்ல, மொழிதான். அண்ணா பத்தாம் வகுப்புவரை படித்தவர். வகுப்புகள் இடப்பெயர்வால் அறுந்துபோன தலைமுறை அது. இந்தத் தலைமுறைக்கு ஆங்கிலக் கையேட்டைக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் ஒன்றுதான்.

ஆனால், கிரபிளில் நமக்குச் சாதகமான ஒரு விடயம் இருக்கிறது. சில்லில் இடம் போதாததால், 1.1 பதிப்பிலிருந்து அது பிழைகளை வசனமாகச் சொல்வதில்லை, எண்ணாகவே சொல்கிறது. எண்ணுக்கு மொழி கிடையாது. ஆகவே, ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும். அலாரம் 1: லிமிட் சுவிட்ச் தொட்டுவிட்டது, இயந்திரம் இடத்தை இழந்திருக்கலாம், ஹோமிங் செய். அலாரம் 2: நீ சொன்ன இடம் மேசைக்கு வெளியே இருக்கிறது. அலாரம் 9: ஹோமிங்கில் சுவிட்ச் கிடைக்கவில்லை, வயரைப் பார். பிழை 9: அலாரத்தில் பூட்டியிருக்கிறது, முதலில் அதைத் தீர். பிழை 20: இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது. பிழை 22: வேகம் சொல்லப்படவில்லை.

அப்படி ஒரு தாளை நானும் அண்ணாவின் மருமகனும் இரண்டு பின்னேரங்களில் எழுதினோம். ஊடகக் கற்கையில் பட்டம் பெற்ற எனக்கு இயந்திரவியல் தெரியாது. ஆனால், ஒரு விடயத்தை அது தெரியாதவருக்குப் புரியும்படி எழுதுவது என் தொழில். அந்தத் தாளுக்குத் தேவைப்பட்டது அதுதான். உரிமம் திறந்திருப்பதால் மொழிபெயர்க்க யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை.

இப்படிப்பட்ட வேலை தமிழுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் கணியம் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. நம்முடைய நூலகம் மின்நூலகம் 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேமித்துவருகிறது, அது ஓடுவதும் திறந்தமூல மென்பொருளில்தான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. மட்டக்களப்பில் ட்ரீம்ஸ்பேஸ் அகடமி இளைஞர்கள் கூடிச் செய்துபார்க்கும் புத்தாக்க நிலையமாக இயங்குகிறது. இந்தியாவில் புனேக்கு அருகே பாபல் என்ற கிராமத்திலுள்ள விக்யான் ஆசிரமத்தில், இவ்வகை இயந்திரங்களைக் கொண்ட பொதுப் பட்டறை 2002இலேயே தொடங்கப்பட்டது. கிராமத்துக்கு இது பொருந்தாது என்ற வாதத்துக்கு அது போதுமான பதில்.

திறந்து பார்க்கும் பழக்கம்

பொருளாதாரத் தடைக் காலத்தை நினைவுள்ளவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். பெற்றோல் இல்லாதபோது சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். பற்றரி தடைசெய்யப்பட்டபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்து அதன் வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால், அது சாத்தியமானதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: அந்த இயந்திரங்களைத் திறக்க ஒரு ஸ்பனரும் திருகாணி முடுக்கியும் போதுமாக இருந்தன.

இன்றைய இயந்திரத்தின் பாதி மென்பொருள். அது பூட்டப்பட்டிருந்தால் எந்த ஸ்பனராலும் திறக்க முடியாது. அமெரிக்க விவசாயிகளே தங்கள் சொந்த உழவு இயந்திரங்களைத் திருத்த முடியாமல் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2023 ஜனவரியில்தான் ஜோன் டியர் நிறுவனம் அங்குள்ள விவசாயிகள் சம்மேளனத்துடன் திருத்தும் உரிமை பற்றி ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. நமது தீவின் தென்கரையில் 2020இலிருந்து நிற்கும் தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதும் எப்படிச் சுழல வேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருள், அவற்றின் நிழலில் வலை உலர்த்தும் எவருக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது. அது பெரிய விவகாரம், தனியாகப் பேச வேண்டியது. ஆனால், வீட்டு மேசையில் இருக்கும் இயந்திரத்திலாவது நிலைமை வேறாக இருக்கலாம்.

மிகைப்படுத்தவும் கூடாது. இந்த இயந்திரம் ஒரு குடும்பத்தை வறுமையிலிருந்து தூக்கிவிடாது. மெதுவாக வேலை செய்யும், கூர்கள் முறியும், ஊருக்குள் சந்தை சிறியது. அண்ணாவின் பிரதான வருமானம் இப்போதும் எஞ்சின் திருத்துவதிலிருந்துதான் வருகிறது. ஆனால், கதிரையில் இருந்தபடி செய்யக்கூடிய, ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய தொழில் இது. அங்கவீனமுற்றவர்களுக்கும் தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கும் கோழிக்கூடு, தையல் இயந்திரம் என்ற இரண்டு தெரிவுகளுக்கு வெளியே எதையாவது யோசிக்கிறவர்கள் இதையும் கணக்கிலெடுக்கலாம்.

அப்படி யோசிப்பவர்களிடமும், உறவினருக்கு இயந்திரம் அனுப்பும் புலம்பெயர்ந்தவர்களிடமும் ஒரு கோரிக்கை. கணினியால் இயங்கும் எந்த இயந்திரத்தையும் வாங்குவதற்கு முன் விற்பவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். உள்ளே ஓடும் மென்பொருள் எது, அது திறந்ததா? அமைப்பு எண்கள் முழுவதையும் எழுத்தில் தருவீர்களா? போர்ட் எரிந்தால் கொழும்பிலாவது யாழ்ப்பாணத்திலாவது மாற்றுப் போர்ட் கிடைக்குமா? இணையமும் கட்டணமும் இல்லாமல் ஓடுமா? அதைப் பாவிக்கப்போகிறவர் வாசிக்கும் மொழியில் ஒரு தாளாவது இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அதற்காக வாங்காமல் விட வேண்டாம், அந்தத் தாளை நாங்கள் எழுதலாம். முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், இன்னொரு முறை யோசியுங்கள். பூட்டிய இயந்திரம் முதல் பழுதோடு மூலைக்குப் போகும், பிறகு அதற்கும் பயனாளியின் அக்கறையின்மை என்றே பெயர் வைக்கப்படும்.